ஜெனரல் ஷிப்டில் ஒரு முன்மாதிரித் தம்பதி

சேசு மரி சூசை துணை
(மூன்றாவதாக இருப்பது புனிதரின் பெயர். என்னை யாருக்கும் துணை என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.)

மத்திகிரி கூட்ரோடு,
ஓசூர்.
20-2-2009, வெள்ளிக்கிழமை.

மத்தூர் உரக்கடை முதலாளியும், என் மரியாதைக்குரிய மச்சானுமாகிய சவரியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பவுலினாவைக் கட்டிய சூசை தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இவ்விடம் நலமில்லை. பவுலினா பன்னிரண்டு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால் அவ்விடமும் அவ்வளவு நலமாக இருக்க நியாயமில்லை. ஆகவே நலம் என்ற பேச்சை இரு தரப்பும் ஒத்தி வைத்துக்கொள்வோம். அக்காவையும் பிள்ளைகளையும் மிகவும் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் பக்கம் மாமரங்கள் நன்றாகப் பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். யாருக்காவது ஏதாவது நன்றாக நடக்கட்டும்.

கையில் செல்போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். பிரஸ் ஷாப்பில் பதினைந்து வருஷமாக இரும்புத் தகடு அடிக்கும் சத்தத்தில் நின்று என் இடது காது பாதி போய்விட்டது, அதனால் நான் ரகசியம் பேசினாலும் காம்பவுண்டில் ஐந்து போர்ஷனுக்கும் கேட்கிறது. போன ஞாயிறு உங்களைப் போனில் கூப்பிட்டு, “அவ ஒழுங்கா சாப்பிடுறாளா மச்சான்?” என்று கேட்டேன் அல்லவா, நீங்கள் பதில் சொல்வதற்கு முன்பே பக்கத்து போர்ஷன் சென்னப்பன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “சாப்புடாம எங்க போவாங்க, நீ மனச வுடாத சூசை” என்று ஆறுதல் சொன்னான். நீங்களோ போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து, “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறன்னு சொல்லுண்ணா” என்று பதில் வருகிறது. கணவனும் மனைவியும் பேச நடுவில் இரண்டு குடும்பம் எதற்கு? கடிதம் என்றால் நீங்கள் ஒருவர் மட்டும் படிப்பீர்கள். படிக்கும்போது வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் மேல் எனக்குள்ள புகாரைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் நான் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் செருப்பை மாட்டும்போது என் தோளில் கைபோட்டு என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? “எந் தங்கச்சி வாயில்லாப் பூச்சி மாப்ள. அவ வீட்டுல இருக்கறதே உங்களுக்குத் தெரியாது.” தவக்காலம் ஆரம்பித்துவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்று அவசர அவசரமாக மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தோம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறும் பீடத்திலிருந்து கேட்டார்கள். மூன்று ஞாயிறும் நீங்கள் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து, சாமி, எங்கள் பெண்ணுக்கு வாய் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தயாராக வந்திருப்பேன். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலிலும் அதே மூன்று ஞாயிறு என் ஓலையை வாசித்தார்கள். என் அண்ணனும் வாயைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு பங்கு.

மச்சான், எனக்கு இல்லறத்தைப் பற்றிப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு திருக்குடும்பப் படம் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். அதில் சூசையப்பர் இழைப்புளியோடு நிற்பார், மாதா நூல் நூற்பார், பாலன் மரத்தூளைப் பெருக்குவார். மூன்று பேரில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என் பெயரும் சூசை ஆகையால் என் குடும்பமும் அந்தப் படம் மாதிரியே அமையும் என்று நான் யாரையும் கேட்காமல் முடிவு செய்துகொண்டேன். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் எல்லாரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்வோம், பிறகு சூடாகச் சாப்பாடு, சாப்பிடும்போது மனைவி, “இன்னைக்கு வேலை எப்படிங்க?” என்று கேட்பாள், நான் “பரவால்ல” என்பேன். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இதுவே அதிகம் என்பது நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிகிறது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்டுக்கு ஆள் கேட்டார்கள். அலவன்ஸ் உண்டு, எழுதிக் கொடுங்கள் மாப்ள என்று சொன்னது நீங்கள்தான். சாயங்காலம் ஏழு முதல் காலை ஏழு வரை. பவுலினாவுக்குச் சின்ன மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனியில் பகல் வேலை, ஓவர்டைமோடு. நான் ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறுவேன், அவள் ஆறரைக்கு இறங்குவாள். காலையில் அவள் ஏழேகாலுக்குக் கிளம்புவாள், நான் ஏழே முக்காலுக்கு வந்து சேர்வேன். சிப்காட் சிக்னலில் சிவப்பு விழுந்தால் எங்கள் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே நிற்கும். அவள் ஜன்னலிலிருந்து கையைக் காட்டுவாள், நானும் காட்டுவேன். பச்சை விழுந்தால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக இருப்போம் என்றால், காலையில் பூசை, பூசை முடிந்து கறி, கறி முடிந்து எனக்குத் தூக்கம், அவளுக்குத் துணி துவைப்பு. ரூபி எப்படிப் பிறந்தாள் என்று நீங்கள் யோசிக்கலாம். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் இரண்டு நாள் லீவு உண்டு. பிள்ளைக்குப் பிறந்தநாள் ஜூலையில் வருகிறது.

இப்படிப் பதினொரு வருஷம் எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. போன டிசம்பரில் திருக்குடும்ப விழாவுக்கு எங்கள் பங்கில் முன்மாதிரித் தம்பதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தபோது, அன்பியம் என்கிற தெருக்குழு ஆட்கள் வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா நாராயணம்மா, தெலுங்குக்காரர், நம் வேதமும் இல்லை, அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் கையை ஆட்டி, “பதினோரு வருசம் சாமி, இந்த வீட்ல ஒரு சத்தம் நான் கேட்டதில்லே. ஒருத்தர ஒருத்தர் ஏ-ன்னு சொன்னதில்லே. ரெண்டும் பங்காரம்” என்று சொல்லிவிட்டார். பங்காரம் என்றால் தங்கம். அதற்கு மேல் சாட்சி எதற்கு? விழா அன்று எங்களைப் பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து மாலை போட்டு, ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்து, மைக்கில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசினேன். என் வெற்றிக்குக் காரணம் என் மனைவி கையால் வைக்கும் காரக்குழம்பு என்று பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். விழாச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நாராயணம்மா எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டினார். ஏன் என்று அன்று புரியவில்லை.

மாலை வாடுவதற்கு முன் அடுத்த வாரமே கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் எவனோ வீட்டுக் கடன் கட்டவில்லையாம், அதனால் இங்கே லாரி விற்கவில்லையாம், அதனால் நைட் ஷிப்ட் கிடையாதாம், ஜனவரி ஐந்தாம் தேதியிலிருந்து எல்லாரும் ஜெனரல் ஷிப்ட். கான்ட்ராக்ட் ஆட்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை, கர்த்தருக்குத் தோத்திரம் என்று மண்டியிட்டேன். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் உனக்குப் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று கல்யாணத்தன்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், மச்சான். ஜெனரல் ஷிப்டிலும் என்று அன்று யாரும் சேர்க்கவில்லை.

முதல் நாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி வந்து வேலை எப்படி என்று கேட்கப்போகும் நிமிஷத்துக்காகக் காத்திருந்தேன். ஆறரைக்கு வந்தாள். பையை மூலையில் எறிந்தாள், டிவியைப் போட்டாள், தரையில் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் இருப்பதே தெரியவில்லை. கவனத்தைத் திருப்பலாம் என்று செருமினேன். “சளி புடிச்சிருக்குதாங்க?” என்றாள், சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபது நிமிஷம் அப்படியே கிடந்தாள். நாள் முழுக்க நின்றே கம்பி சுற்றுவதால் கால் வீங்கிப் போகும், அதற்காக என்று பிறகு தெரிந்தது. அன்று தெரியவில்லை. அன்று நான், இதென்ன வீடா சத்திரமா என்று கேட்டேன். என் குரலில் கேட்டேன். நாராயணம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன விபத்து என்று பார்த்துவிட்டுப் போனார்.

சரி, செபமாலையாவது சொல்வோம் என்றேன். அதைக் கேட்டதும் பவுலினா சட்டென்று எழுந்து முகம் கழுவி, டிவியை அணைத்து, முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நீங்களே ஆரம்பிங்க, நீங்கதானே தெனமும் சொல்றவரு” என்றாள். அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை; ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, கிழமைக்கு ஒன்றாகச் சொல்லும் மறைபொருள்களில் துயர மறைபொருளை ஆரம்பித்தேன். ரூபி என் லுங்கியை இழுத்து, “அப்பா, திங்கக்கிழமை சந்தோசம்ப்பா. துக்கம் நாளைக்கு” என்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. பவுலினா தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு தடவைதான் நீங்கள் சொன்ன வாயில்லாப் பூச்சியை நான் கண்ணால் கண்டது.

மூன்றாம் நாள் குழம்பு. தட்டில் ஊற்றினால் தண்ணீர் ஒரு பக்கமும் புளி ஒரு பக்கமும் ஓடுகிறது. “என்ன இது, கை மாறிடுச்சா?” என்றேன் சிரித்துக்கொண்டே. “கை மாறலீங்க. இதுதான் எங்கை. இத்தன வருசமும் நீங்க சாப்புட்டது நாராயணம்மா கை” என்றாள், உப்பை எடுத்து என் பக்கம் தள்ளிக்கொண்டே. அவள் சோறு மட்டும் வடித்து வைப்பாளாம். குழம்பு மாடியிலிருந்து வருமாம். பதிலுக்கு நாராயணம்மாவுக்கும் அவர் மருமகளுக்கும் இவள் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாளாம். பதினொரு வருஷமாக கேன்டீனில் நான் என் மனைவியின் கைமணம் என்று பெருமை பேசிய குழம்பு! அதைத்தான் மைக்கில், பீடத்துக்கு முன்னால், நற்கருணைப் பேழைக்குப் பத்தடி தள்ளி நின்று பேசியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “நீங்க கேக்கலியே. எப்பக் கேப்பீங்க, சிக்னல்லயா?” என்றாள்.

அதற்குப் பிறகு முப்பது நாளும் என்னென்ன நடந்தது என்று வரிசையாக எழுதினால் தபால் கனத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று ஒரு சண்டை. நான் பிரஸ் ஷாப்பில் பேசுவதுபோல வீட்டில் பேசுகிறேன் என்று ஒரு சண்டை. அவள் சீரியலில் வரும் பெண்ணுக்காக அழுதுவிட்டு என் பல்வலிக்கு அழவில்லை என்று நான் கேட்டது ஒரு சண்டை. அது கொஞ்சம் அநியாயம்தான். அவள் குறட்டை விடுகிறாள், மச்சான். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் விடுகிறேனாம். கேன்டீன் போர்டில் அப்பளம் போடுவதைக்கூட முன்கூட்டி எழுதி வைப்பார்கள், இதற்கெல்லாம் ஒரு வார்த்தை முன்னால் சொல்ல ஆளில்லை. நாராயணம்மா ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “என்னா சூசை, உங்க சாமி குடுத்த பரிசு திருப்பி வாங்கிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்புறம் எதுக்கு இப்பிடி?” என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இப்போது பிப்ரவரி எட்டாம் தேதி நடந்ததற்கு வருகிறேன். அதைப் பற்றி பவுலினா உங்களிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நான் நடந்த மாதிரி சொல்கிறேன். முன்மாதிரித் தம்பதி பரிசோடு ஒரு கடமையும் சேர்ந்தே வந்திருந்தது: கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்குக் கோயிலில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் சாட்சியம் சொல்ல வேண்டும். தலைப்பு, கிறிஸ்தவ இல்லறத்தில் விட்டுக்கொடுத்தல். சாமியாரிடம் போய், சாமி, நிலைமை சரியில்லை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். அவர் மூன்று பூசைக்கும் ஒரு அடக்கத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். “தாழ்ச்சிதான் சூசை உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே” என்று தட்டிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

ஏழு ஜோடிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேப்பரில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். விட்டுக்கொடுத்தால் கெட்டுப் போவதில்லை என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன், மிச்சம் ஐம்பது நிமிஷம் இருந்தது. பவுலினா எழுந்தாள். அவள் பேப்பர் வைத்திருக்கவில்லை. “எனக்குப் பேச வராது. ஒண்ணு மட்டும் சொல்றன். இந்த ஒரு மாசமா எங்களுக்குள்ள சண்டைதான். எனக்கு இவரு மேல கோவம் வரும்போதெல்லாம் ஒண்ண நெனச்சுக்குவன். நான் சாயங்காலம் வேல முடிஞ்சு வீட்டுக்கு வந்தா இவரு தலகாணி மேல செபமால கெடக்கும். ராத்திரியெல்லாம் இரும்போட நின்னுட்டு வந்து, தூங்கறதுக்கு முன்னாடி செபமால சொல்ற மனுசன் எத்தன பேருக்குக் கெடைக்கும்? அத நெனச்சா கோவம் போயிடும்” என்றாள். பெண்பிள்ளைகள் எல்லாம் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பர்கூரிலிருந்து வந்திருந்த ரோஷன் என்ற மாப்பிள்ளைப் பையன் பயபக்தியோடு, “தெனமும் ஐம்பத்து மூணு மணியும் சொல்வீங்களா சார்?” என்று கேட்டான்.

மச்சான், அந்தச் செபமாலை எங்கள் கட்டிலுக்கு மேல் ஒரு ஆணியில் தொங்கும். வீட்டில் இருப்பது அந்த ஒரு ஆணிதான். இன்னொன்று அடிக்க நாராயணம்மா விடமாட்டார். நான் காலையில் வந்ததும் செபமாலையை எடுத்துத் தலையணையில் போட்டுவிட்டு, அந்த ஆணியில் என் யூனிபாரத்தை மாட்டுவேன். சாயங்காலம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவேன், செபமாலை கிடந்த இடத்தில் கிடக்கும், மறுநாள் காலை அவள் கையால் மறுபடி ஆணிக்குப் போயிருக்கும். இதுதான் நடந்தது. இதை அங்கே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். சிலுவைக்குக் கீழே நின்று பொய் சொல்ல நா எழவில்லை என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசைதான். அது உண்மையில்லை. குழம்பு விஷயத்தில் என்னை ஊர் முன்னால் முட்டாளாக்கினாள் அல்லவா, இப்போது உன் முறை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நான் எழுந்து, இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி, “செபமும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி, சட்டை மாட்ட ஆணி வேணும்னு எடுத்துப் போடுறதுதான்” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. சாமியார் எட்டிப் பார்த்து டீ குடிக்கலாம் என்றார். அந்த ரோஷன் வீட்டில் கல்யாணத்தை ஈஸ்டர் கழித்துத் தள்ளி வைத்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள், அதனால் நான் வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து நாலில் இரண்டாவது கரு கலைந்ததே, அன்று நான் ஷிப்டில் இருந்தேன், நாராயணம்மாதான் அவளை ஆட்டோவில் கூட்டிப் போனார். இரண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தேன், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். அன்று சாயங்காலம் அவள் எழுந்து பார்த்தபோது தலையணை மேல் செபமாலை கிடந்ததாம். “எனக்கும் அந்தப் புள்ளைக்கும் இவரு வேண்டிக்கிட்டுத்தான் போயிருக்கறாருன்னு நெனச்சுத்தான் நான் எழுந்து அடுப்பப் பத்த வெச்சன். அது ஆணிக்காகவா?” என்று கேட்டாள். “நான் உங்களக் கட்டிக்கிட்டு வேற யாரோ ஒருத்தரோட குடும்பம் நடத்தி இருக்கறன்” என்றாள். பள்ளிக்கூடம் கெட வேண்டாம் என்று ரூபியை என்னிடம் விட்டாள். வாசலில் நின்று, “நைட் ஷிப்ட் மறுபடி வந்தா சொல்லுங்க, வரன். அந்த மனுசன் கூடவே இருந்துக்கறன்” என்று சொல்லிவிட்டு கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் மறுபடியும் சத்தம் இல்லை. நாராயணம்மா குழம்பு அனுப்புகிறார், அது நன்றாகத்தான் இருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. ரூபி நேற்று, “அம்மா இல்லாம சண்டையே இல்லப்பா, போர் அடிக்குது” என்றாள். செபமாலை சொல்லலாம் என்று தினமும் உட்காருகிறேன்; இரண்டாவது பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது, எண்ணிக்கை தவறிவிடுகிறது, ரூபிதான் எடுத்துக் கொடுக்கிறாள். இப்போது எத்தனை சொன்னாலும் அன்று சொல்லாதது சொன்னதாக ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேற்று கம்பெனியில் நோட்டீஸ் போட்டார்கள். ஆர்டர் கொஞ்சம் வந்திருக்கிறதாம். மார்ச் இரண்டாம் தேதியிலிருந்து ஒரு லைனுக்கு மட்டும் நைட் ஷிப்ட் திரும்ப ஆரம்பிக்கிறதாம், விருப்பப்பட்டவர்கள் நாளைக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம். ஆகவே பவுலினா கேட்டது கிடைத்துவிட்டது. நான் பெயர் கொடுத்துவிடுகிறேன். அவள் வரலாம். அவள் வீட்டுக்கு வரும் நேரம் நான் இருக்க மாட்டேன், என் குரல் கேட்காது, என் குறட்டை பகலில் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடக்கும். சாமியாருக்கும் பரிசைப் பற்றிச் சங்கடம் இருக்காது. வருகிற ஞாயிறு தவறினால் அடுத்த ஞாயிறு, மார்ச் ஒன்றாம் தேதி, அவளைப் பஸ் ஏற்றி விடுங்கள். கூடவே, வாயில்லாப் பூச்சி என்று அன்று சொன்னது தவறு என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பினால் இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு கணக்காவது எனக்கு நேராகும். அதிகமாகக் கேட்கவில்லை.

வருகிற புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும்போது என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் யூரியா தட்டுப்பாடு இல்லாமலும், உங்கள் மாம்பூ காற்றில் உதிராமலும், அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் சுவரில் மாட்டிய எந்தப் படமும் வந்து நிற்காமலும் ஆண்டவர் காப்பாராக. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
பணிவும் வருத்தமும் உள்ள தங்கள் மாப்பிள்ளை,
சூசை.

பி.கு.: சனிக்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டிவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இன்று மத்தியானம் சூப்பர்வைசர் பட்டியலை என் முன்னால் வைத்துப் பேனாவையும் கொடுத்தார். நான் பெயர் எழுதவில்லை. ஏன் என்று கேட்டார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் பெயர் எழுதியிருந்தால் அந்த இன்னொரு மனுஷன் திரும்பி வந்துவிடுவான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, மச்சான். பதினொரு வருஷம் என் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு நாள்கூட அவள் பக்கத்தில் உட்காராமல், என் மனைவியிடம் நல்ல பெயர் வாங்கியவன் அவன். எனக்கும் மாடியிலிருந்து வந்த குழம்பில் ஒரு மனைவி இருந்தாள். அவளை நான் தேடவில்லை. காலைச் சுவரில் வைத்துக்கொண்டு கிடக்கிறவளைத்தான் இந்தப் பதின்மூன்று நாளும் தேடுகிறேன். ஆகவே மேலே எழுதிய புகார்கள் அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஒன்றும் எழுதித் தர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் ஏற்றச் சொன்னதையும் அடித்துவிடுங்கள். வாய்விட்டுப் படிக்காதீர்கள் என்று சொன்னேனே, அதையும் மாற்றுகிறேன்: ஒரு வரி விடாமல் அவளுக்குக் கேட்கிற மாதிரி படியுங்கள். நான் ஜெனரல் ஷிப்ட். தினமும் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். சத்தமாகத்தான் பேசுவேன், சண்டையும் வரும். இதெல்லாம் தெரிந்தும் வருவதாக இருந்தால் வரட்டும். தெரியாமல் ஒரு தடவை வந்தது போதும்.